தொட்டிலை விட்டுப் போனவள் பற்றிப் பன்னிரண்டு கட்டுரைகள்

போன திங்கட்கிழமை சூலக்கரைக்கு, கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு கொடுக்கப் போயிருந்தேன். மனு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், டோக்கன் வாங்கியதோடு சரி. வெளியே சுற்றுச்சுவரில் இரண்டு பேர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் வாளியில் மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து காய்ச்சியிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு நல்ல பசி எடுத்துவிட்டது.

சிரிக்காதீர்கள். ஒன்பது வருஷம் பசை டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மதியச்சோறு தின்றவனுக்கு அப்படித்தான் இருக்கும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்தேன். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுக் கல்லூரி வேலைக்கு நடையாய் நடந்து, செருப்புத் தேய்ந்து, கடைசியில் அங்கே போய் உட்கார்ந்தேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் என்னை 'வாத்தியாரே' என்று கூப்பிடுவார். அது மரியாதையா கிண்டலா என்று எனக்கு ஒன்பது வருஷமும் விளங்கவில்லை.

அச்சகத்தில் முக்கிய வேலை காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும்தான். பொங்கல் தாண்டிவிட்டால் சீசன் முடிந்தது. மெஷின் சும்மா நிற்கக் கூடாதே என்று அண்ணாச்சி அந்த மாதங்களில் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் புத்தக வேலைகளை எடுப்பார். கவிதை, ஜோதிடம், ஆராய்ச்சி, சமையல், எது வந்தாலும் சரி. எனக்கு அந்த நாலு மாதம்தான் சொர்க்கம். லேபிளில் 'குழந்தைகள் பெரியவர் துணையுடன் வெடிக்கவும்' என்பதையே நூறு தரம் படித்தவனுக்கு ஒரு கவிதை கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அண்ணாச்சியிடம் ஒரு சட்டம் உண்டு. புரூப்பை வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும். எப்போதோ ஒரு காலண்டரில் அமாவாசை ஒருநாள் தள்ளி விழுந்து, போன லோடு முழுசும் திரும்பி வந்துவிட்டதாம். அன்றிலிருந்து இந்தச் சட்டம். நான் அச்சடித்த தாளைப் பார்த்து உரக்கப் படிப்பேன். எதிரே ஒருவர் மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டே வருவார். நான் ஏதாவது விட்டால் எதிரே இருப்பவர் உடனே நிறுத்தி, விட்டதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். எழுத்து மட்டுமல்ல, கமா, புள்ளி, மேற்கோள் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். சத்தம் நின்றால் போதும், அறைக்குள்ளிருந்து அண்ணாச்சியின் குரல் வந்துவிடும். அவருக்குச் சத்தம் இருந்தால்தான் வேலை நடக்கிறது.

எங்கள் மேஜைக்குப் பின்னால் அதே கூடத்தில் பன்னிரண்டு பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஃபாரம் மடிப்பார்கள். பதினாறு பக்கம் ஒரே தாளில் அச்சாகி வரும், அதை மடித்து மூங்கில் பட்டையால் நீவி அடுக்க வேண்டும். கை பாட்டுக்கு வேலை செய்யும், காது எங்களிடம் இருக்கும். அந்த ஊரில் அவர்கள் அளவுக்கு இலக்கியம் கேட்டவர்கள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. ஆனால் எனக்கு அது உறைக்கவே இல்லை. மடிக்கிறவர்கள் மடிக்கிறார்கள், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில், "தம்பி கமா, கஞ்சி ஆறுது கமா, வாங்க ஆச்சரியக்குறி" என்று என்னை ஓட்டி எடுப்பார்கள். அப்போதாவது எனக்கு மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

அவர்களில் ஒருத்திதான் பேச்சியக்கா. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். நாற்பதைத் தொடாத வயது, ஒல்லி உடம்பு. அதிகம் பேசாதவள், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவள் மகள் செல்வி, அதுவும் மாற்றிய பெயர்தான், பன்னிரண்டாவது முடித்துவிட்டு அம்மாவோடு மடிக்க வந்தவள். கண் கூர்மை பார்த்து நானே அவளை எனக்கு எதிரே மூலப்பிரதி பிடிக்க உட்கார்த்தினேன். என்னைவிடக் கெட்டிக்காரி. என் வாய் எழுத்தை விழுங்கும் முன்பே, "அண்ணே, நில்லுங்க" என்பாள். மகள் நாற்காலியில் உட்கார்ந்ததில் பேச்சியக்காவுக்கு ஏகப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் அன்றிலிருந்து என் தூக்குச்சட்டியில் தினமும் ஒரு வாழைக்காய்த் துண்டமோ கருவாடோ கூடுதலாக விழுந்தது.

ஒரு மாசி மாதம் அந்தக் கட்டுரைத் தொகுப்பு வந்தது. ஒரே நாவலைப் பற்றிப் பன்னிரண்டு கட்டுரைகள். நாவலின் பெயர் வேண்டாம், இன்று அது பல்கலைக்கழகப் பாடம். அப்போது வெளிவந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது, சண்டை ஓயவில்லை. எங்கள் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் நடக்கிற கதை. பருத்தி வாங்க வருகிற ஒரு வியாபாரி, தான் குடியிருக்கும் தெருவில் கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கிற பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியோடு பழகுகிறான். ஒருநாள் விடிகாலை அவள் தொட்டிலில் குழந்தையை விட்டுவிட்டு அவனோடு பஸ் ஏறிவிடுகிறாள். மதுரை பஸ் நிலையத்தில் அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவன் காபி குடிக்கப் போகிறான், திரும்பி வருவதில்லை. அவ்வளவுதான் கதை. முழுவதையும் அந்த வியாபாரியே சொல்கிறான். வருத்தம் ஒரு சொட்டு கிடையாது. ஆனால் மொழி இருக்கிறதே, ஐயோ, அப்படி ஒரு மொழி! படித்து முடிக்கும்போது அவன் பக்கம் சாய்ந்துவிட்டோமோ என்று நமக்கே பயம் வரும்.

பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக விளாசியிருந்தார்கள். ஒருவர் இதை நூலகத்தில் வைத்தால் குடும்பம் நாசமாகும் என்றார். ஒருவர் கடைசி அத்தியாயத்தில் அவளைத் தண்டிக்காததுதான் ஆசிரியர் செய்த பாவம் என்றார். இன்னொருவர் தொட்டிலைத் தாண்டி நடந்த முதல் தமிழ்ப்பெண் என்று அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார். வேறொருவருக்கு அவள் பெண்ணே இல்லை, மழைக்கு ஏங்கும் வானம்பார்த்த பூமியின் குறியீடு. அதை நான் படித்துக்கொண்டிருந்தபோது மடிப்பு வரிசையிலிருந்து யாரோ, "இந்தாளுக்கு வீட்ல புள்ளகுட்டி இல்லையாக்கும்" என்றார்கள், கூடம் சிரித்தது. பேச்சியக்கா சிரித்தாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாவது கட்டுரை நான் எழுதியது. தொகுப்பாசிரியர் என் கல்லூரித் தோழர், இடம் கொடுத்திருந்தார். என் பெயர் முதன்முதலாகப் புத்தகத்தில் வரப் போகிறது. தலைகால் புரியவில்லை. மற்றவர்கள் எல்லோரும் புத்தகத்தைப் படித்து எழுதினால், நான் மண்ணைத் தோண்டி எழுதுவேன் என்று கிளம்பினேன். நாவலாசிரியர் அரசாங்க உத்தியோகத்தில் ஒரு கிராமத்தில் மூன்று வருஷம் குடியிருந்தவர், இறந்துபோய்விட்டார். அந்த ஊருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். டீக்கடைக்காரர் ஒருவர் வாய் நிறைய வெற்றிலையோடு எல்லாவற்றையும் கொட்டினார். நடந்தது நிஜம்தான், அதே தெருதான். கூடவே நாவலில் இல்லாத இரண்டு விஷயம் சொன்னார். அவள் போன காலையில் குழந்தை தொட்டிலிலிருந்து நழுவி, தவழ்ந்து போய் அடுப்புச் சாம்பலில் காலை வைத்து, பாதத்தில் தழும்பு விழுந்துவிட்டதாம். இன்னொன்று, போனவள் மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டாளாம்.

முதல் விஷயத்தைக் கட்டுரையில் வைத்தேன். இரண்டாவதை விட்டுவிட்டேன். ஏனென்றால் என் கட்டுரையின் வாதமே, அவளைத் திரும்பக் கொண்டுவராததுதான் இந்த நாவலின் பெருமை என்பது. மூன்றாம் நாள் திரும்பி வந்தாள் என்று எழுதினால் வாதம் படுத்துவிடும். இருபத்தேழு வயதில் எனக்கு இது ஒரு தவறாகவே படவில்லை.

என் கட்டுரை புரூப் வந்த அன்று செல்வி டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் போயிருந்தாள். நானே எழுதியதுதானே, எதிர் ஆள் எதற்கு என்று தனியாக உட்கார்ந்து ஒருதரம் படித்துவிட்டேன். வழக்கம்போல உரக்கத்தான். கொஞ்சம் ராகம் போட்டே படித்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சியக்கா பசை டிரம்முக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கையில் சட்டி இல்லை.

"தம்பி, அந்த ஊருக்குப் போயா விசாரிச்சீக?"

"ஆமாக்கா. ரெண்டு தரம்" என்றேன், பெருமையாக.

"மூணாம் நாளு திரும்பி வந்தத யாரும் சொல்லலையா?"

சோற்று உருண்டை கையிலேயே நின்றது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"நாந்தேன் அது. அந்த மனுசன் எளுதுனது எனக்குத் தெரியும். அதுல ஊரு இல்ல, புள்ளைக்குக் காயம் இல்ல, எவளோன்னு இருந்துட்டேன். நீங்க காலு தளும்பு வரைக்கும் எளுதியிருக்கீக. எம்புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. தீவாளி வெடி பட்டுச்சின்னு சொல்லி வளத்திருக்கேன். அவ அப்பா சாகுற வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல. நீங்க சொல்லிராதீக."

"ஏன்க்கா போனீங்க?" என்று கேட்டுவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது நினைத்தால்.

"அத ஒங்களுக்குச் சொல்லணும்னு எனக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பாராவ எடுத்துருங்க."

எடுத்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். எடுக்கவும் செய்தேன். அன்று சாயங்காலமே புரூப் தாளில் அந்த ஐந்து வரியை அடித்து, கம்ப்யூட்டரில் நீக்கச் சொல்லிப் புதுத்தாளும் வாங்கிவிட்டேன். ஆனால் என் கையெழுத்துப் பிரதியில் அடிக்கவில்லை. மறதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மறதி இல்லை. அந்த ஐந்து வரியும் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அக்கா காலத்துக்குப் பிறகு என் சொந்தத் தொகுப்பு வரும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று பிரதியைச் சுத்தமாக வைத்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிற ஒரு மனுஷியின் காலத்துக்குப் பிறகு என்று நான் கணக்குப் போட்டிருந்தேன், பாருங்கள்.

இரண்டு நாள் கழித்துக் கடைசிப் புரூப். தொகுப்பு முழுவதையும் முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தோம். செல்வி எதிரே, கையில் மூலப்பிரதிக் கட்டு. பதினோரு கட்டுரை முடிந்து என் கட்டுரைக்கு வந்தபோது, கட்டுக்குள் அடுத்து இருந்தது என் கையெழுத்துப் பிரதி. நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போனேன். விட்ட வரியைப் பிடிப்பதுதான் எதிரே இருப்பவளின் வேலை என்பது, மூன்று வருஷமாக அதே மேஜையில் உட்கார்ந்த எனக்கு, அந்த நேரத்தில் மண்டையில் இல்லவே இல்லை.

"அண்ணே, நில்லுங்க. அஞ்சு வரி விட்டுட்டீக" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பழகிய உரத்த குரலில் படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஊர்ப் பெயர், புள்ளி. கணவன் லாரியில் கிளீனர், புள்ளி. தொட்டில் கட்டியிருந்தது பச்சைக்கரை வேட்டியில், புள்ளி. "அது வேண்டாம் செல்வி, எடுத்தாச்சு" என்றேன். "பிரதில அடிக்கலையேண்ணே" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். விட்டதை முழுசும் படித்துக் காட்ட வேண்டும் என்பதுதானே சட்டம். குழந்தை தவழ்ந்து போய், கமா, அணையாத அடுப்புச் சாம்பலில் கால் வைத்தது, புள்ளி. அந்தப் பெண்குழந்தையின் இடது பாதத்தில் பெருவிரலிலிருந்து குதிகால் வரை...

அங்கே நின்றாள்.

மடிப்பு வரிசையில் மூங்கில் பட்டைகளின் சத்தமும் நின்றிருந்தது. செல்வி மேஜைக்கு அடியில் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"யம்மா, வெடிதானம்மா?"

பேச்சியக்கா மடித்த தாளைக் கீழே வைத்தாள். "இல்ல தாயி" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம், அத்தனை பேர் முன்னால் வேறு எவளும் பொய்தான் சொல்லியிருப்பாள். "இல்ல தாயி. ஆனா மூணாம் நாளே வந்துட்டேன்."

அறைக்குள்ளிருந்து அண்ணாச்சி, "வாத்தியாரே, என்ன சத்தத்தையே காணோம்?" என்றார்.

செல்விதான் முதலில் திரும்பினாள். பேனாவை எடுத்து என் கையெழுத்துப் பிரதியில் அந்த ஐந்து வரியையும் ஒவ்வொன்றாக அடித்தாள். "படிங்கண்ணே" என்றாள். நான் படித்தேன். கட்டுரை முடிகிறவரைக்கும் ஒரு கமாவைக்கூட அவள் விடவில்லை.

மறுநாள் செல்வி வந்தாள், பேச்சியக்கா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டப் போகிறாள் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். புத்தகம் வெளிவந்தது. என் கட்டுரையைப் பாராட்டி ஒருவர் மதிப்புரை எழுதினார். மற்றவர்களிடம் இல்லாத நிதானம் என்னிடம் இருக்கிறதாம். அதை மேஜை டிராயருக்குள் போட்டேன், யாரிடமும் காட்டவில்லை.

மனம் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். செல்வி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போனது ஒன்றும் வரவில்லை. அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு அவளாகவே பேசினாள்.

"சண்ட போடல தம்பி. ஒண்ணுமே கேக்கல. சோறு வடிக்கிறா, யம்மான்னு வாய் நெறைய கூப்பிடுதா. முன்னெல்லாம் வேலைக்குப் போயிட்டு வந்தா கால எம்மடியில தூக்கிப் போட்டு, அமுக்கி விடும்மான்னு கெடப்பா. இப்ப எம் முன்னால கால நீட்டி உக்காரவே மாட்டேங்கா. சேலைய இழுத்து மூடிக்கிடுதா. கோவம் அம்புட்டு ஆழத்துல கெடக்கு போல."

தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியில் எனக்கு நானே ஒரு முடிவு எடுத்தேன். இனி ஒரு வீட்டுப் பேச்சை வெளியே கொண்டுபோக மாட்டேன், ஒருவர் என்னிடம் சொன்னதை இன்னொருவர் காதில் போட மாட்டேன். பட்டுத் திருந்தியவனாயிற்றே! அதற்குப் பிறகும் மூன்று வருஷம் செல்வி தினமும் என் எதிரே இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து மூலப்பிரதி பிடித்தாள். ஒருநாள்கூட நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பேச்செல்லாம் கமாவும் புள்ளியுமாகவே போயிற்று. பிறகு அவள் கல்யாணமாகி ராஜபாளையம் போய்விட்டாள். நான் விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நிஜமாகவே வாத்தியாராகப் போனேன்.

அந்த அச்சகம் இருந்த இடத்தில் இப்போது பட்டாசுக் கடை இருக்கிறது. அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். புரூப்பை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை, திரையிலேயே பார்த்துத் திரையிலேயே திருத்திவிடுகிறார்கள். மடிக்கிறதுக்கு மெஷின் வந்துவிட்டது. தொகுப்பில் எழுதிய பன்னிரண்டு பேரில் என்னைத் தவிர இரண்டு பேர்தான் மிச்சம். பேச்சியக்கா போய் ஏழு வருஷம் ஆகிறது.

திங்கட்கிழமை பசை வாடையில் இதெல்லாம் கிளறிவிட, எழுதினால் என்ன என்று தோன்றியது. இந்தத் தரமாவது கேட்டுவிட்டு எழுதுவோம் என்று செல்வியைப் போனில் கூப்பிட்டேன். அவளுக்கே இப்போது கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்.

"எளுதுங்கண்ணே. ஊரு பேரு மட்டும் வேண்டாம். மூணாம் நாளு வந்துட்டாகங்கறத மறக்காமப் போடுங்க" என்றாள்.

அப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னதைச் சொன்னேன். கால் நீட்டி உட்காராததைப் பற்றி, கோபம் ஆழத்தில் கிடக்கிறது என்று அவள் சொன்னதைப் பற்றி.

"கோவமா? எனக்கா?" என்றாள் செல்வி. "அந்தத் தளும்பப் பாத்தா அவுக மனசு கஷ்டப்படுமேன்னுல்லண்ணே மூடி வச்சேன். கடைசி வரைக்கும் அவுக கண்ணுல பட்டுரக் கூடாதுன்னு வச்சிருந்தேன். கோவம்னா நெனச்சிட்டுப் போனாக?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.